ஷூவுக்கு ஜன்னல் வெச்ச மனுஷன்: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்த கேள்விகள்ல பாதி ஸ்போர்ட்ஸ் ஷூ பத்தி. எல்லாத்தையும் அடுக்கிப் பாத்தா ஒரே ஆளுகிட்டதான் போய் நிக்குது, டிங்கர் ஹாட்ஃபீல்டு. நைக்கியோட ஏர் மேக்ஸ், ஏர் ஜோர்டன்னு உலகம் முழுக்க கால்ல ஏறின பல ஷூவ வரைஞ்சவரு. எனக்கு ரொம்பப் புடிச்ச மனுஷன், அதனால பக்கம் முழுசையும் அவருக்கே கொடுத்துட்டேன்.

கேள்வி: சார், ஹாட்ஃபீல்டு படிச்சது ஆர்க்கிடெக்சர்னு சொல்றாங்களே, பில்டிங் வரையறவரு ஷூ வரைய எப்படி வந்தாரு?

கால் ஒடஞ்சதுலேருந்து ஆரம்பிக்கணும் இந்தக் கதைய. 1952ல அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல பொறந்தவரு, அப்பாவும் ஒரு கோச்சு, ஸ்கூல்லயே அத்லெட்டிக்ஸ்ல கலக்கினவரு, முக்கியமா போல் வால்ட், அதாவது நீளக் கம்ப ஊணி உயரத்தத் தாண்டற வெளையாட்டு. ஸ்காலர்ஷிப்ல ஆரிகன் யுனிவர்சிட்டிக்குப் போறாரு, அங்க கோச் யாருன்னா பில் பவர்மன், அதாவது பில் நைட்டோட சேந்து நைக்கிய ஆரம்பிச்ச அதே பவர்மன். ரெண்டாவது வருஷம் போல் வால்ட் பண்றப்ப மேலேருந்து தப்பா விழுந்து கணுக்கால் கிழிஞ்சு போச்சு, ஆபரேஷன் மேல ஆபரேஷன், திரும்ப ஒழுங்கா நடக்கறதே பெரிய பாடா ஆயிடுச்சு. இந்த மாதிரி நேரத்துல பல கோச்சுங்க ஸ்காலர்ஷிப்ப வேற பையனுக்குக் குடுத்துட்டு அடுத்த வேலையப் பாப்பாங்க. பவர்மன் அப்படி விடல, ஸ்காலர்ஷிப்ப வெச்சிருந்தாரு, அதோட நொண்டி நடக்கறத சரி பண்ண குதிகால் பக்கம் கொஞ்சம் ஒசத்தி வெச்சு தானே கையால ஒரு ஷூவும் செஞ்சு குடுத்தாரு.

இந்த எடத்துல கொஞ்சம் நின்னு யோசிங்க. காலேஜ்ல ஒரு பக்கம் கட்டடம் வரையப் படிக்கறாரு, இன்னொரு பக்கம் தன் கால்ல இருக்கற குறைக்காகவே ஒருத்தர் செஞ்ச ஷூவப் போட்டு ஓடறாரு. பவர்மன் புதுசா செய்யற ஷூவயெல்லாம் பசங்ககிட்ட குடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லுவாரு, மத்தவங்க 'நல்லாருக்கு', 'கடிக்குது'ன்னு வாயால சொல்லும்போது இவரு எங்க கடிக்குது எப்படி மாத்தலாம்னு வரைஞ்சே காட்டுவாராம். ஷூ டிசைனுக்கு இதவிட நல்ல கிளாஸ் எங்க கெடைக்கும் சொல்லுங்க. கால் சரியாகி 1976 ஒலிம்பிக் ட்ரையல்ஸ் வரைக்கும் போனாரு, டீமுக்கு செலக்ட் ஆகல, 1977ல டிகிரி முடிச்சாரு.

1981ல நைக்கியில சேந்தது ஆர்க்கிடெக்டாத்தான், ஆபீஸ், ஷோரூம் எல்லாம் டிசைன் பண்ணிட்டு இருந்தாரு. 80களோட நடுவுல நைக்கிக்கு நேரம் சரியில்ல, ஏரோபிக்ஸ் அலையப் புடிச்சு ரீபாக் மேல ஏறிப் போயிட்டு இருந்துச்சு. அப்ப கம்பெனிக்குள்ள 24 மணி நேரத்துல ஒரு ஷூ டிசைன் பண்ணணும்னு ஒரு போட்டி வெச்சாங்க, இவரும் கலந்துக்கிட்டாரு, முடிஞ்சதும் 'இனிமே நீ ஷூ டிசைனர்'னு சொல்லிட்டாங்களாம், விருப்பமான்னு கூட கேக்கலன்னு அவரே சொல்லியிருக்காரு. அது 1985.

கேள்வி: ஏர் மேக்ஸ்ல குதிகால் பக்கம் கண்ணாடி மாதிரி தெரியுதே, அது நெஜமாவே குஷனுக்கா இல்ல சும்மா ஷோவா? உள்ள இருக்கறது காத்துதானா?

ரெண்டுமே. கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இதுதான் அவரோட பேர எழுதின ஷூ.

ஷூக்குள்ள காத்துப் பை வைக்கற ஐடியா ஹாட்ஃபீல்டோடது கெடையாது. ஃப்ராங்க் ரூடின்னு விண்வெளித் துறையில வேல பாத்த ஒரு இன்ஜினியர் 70கள்ல அத நைக்கிகிட்ட கொண்டு வந்தாரு, 1978ல வந்த டெயில்விண்டுங்கற ஓட்ட ஷூவுல அது மொதல்ல வந்துச்சு. ஆனா பை முழுக்க ஃபோமுக்குள்ள புதைஞ்சு கெடந்துச்சு. கம்பெனி சொல்றத நம்பி வாங்கணும், உள்ள இருக்கா இல்லையான்னு வெளியேருந்து பாக்க வழியே கெடையாது.

ஹாட்ஃபீல்டு பாரிஸ் போறப்ப பாம்பிடூ சென்டரப் பாத்தாரு. ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் டிசைன் பண்ணி 1977ல தெறந்த பில்டிங். வழக்கமா செவத்துக்குள்ள ஒளிச்சு வைக்கற பைப்பு, டக்ட், எஸ்கலேட்டர் எல்லாத்தையும் வெளிய தொங்க விட்டு, காத்து போற பைப்புக்கு நீலம், தண்ணிக்குப் பச்சை, கரண்டுக்கு மஞ்சள், ஜனங்க ஏறி எறங்கற எடத்துக்கு செவப்புன்னு பெயின்ட் அடிச்சிருப்பாங்க. பாரிஸ்காரங்க பாதிப் பேருக்கு அது ஆகவே ஆகல, ஊர் அழகையே கெடுத்துட்டாங்கன்னு திட்டினாங்க. அதப் பாத்துட்டு வந்த இவரு, பில்டிங்கோட குடல வெளிய காட்டலாம்னா ஷூவோட குடல ஏன் காட்டக் கூடாதுன்னு கேட்டாரு. அப்படி வந்ததுதான் 1987 ஏர் மேக்ஸ் 1.

அந்த ஷூவ பக்கவாட்டுல வெச்சு ஒரு நிமிஷம் பாருங்க. குதிகால் பக்கம் மிட்சோல்ல, அதாவது அடிக்கும் பாதத்துக்கும் நடுவுல இருக்கற மெத்து அடுக்குல, ஒரு சின்ன ஜன்னல், அதுக்குள்ள பை தெரியும். மேல மெஷ், சாம்பல் கலர் ஸ்வேட், அப்பறம் முன்னாடி விரல்லேருந்து பின்னாடி வரைக்கும் ஷூவச் சுத்தி ஒரு பளிச் செவப்புப் பட்டை. அந்தக் காலத்து ரன்னிங் ஷூவுங்க பக்கத்துல இத வெச்சா கண்ணு நேரா இங்கதான் போகும், அதுக்காகத்தான் அவ்ளோ செவப்பு. மொதல்ல செஞ்சதுல ஜன்னல் இன்னும் பெருசா இருந்துச்சு, குளிருல வெடிப்பு விட்டுச்சுன்னு அப்பறம் சின்னதாக்கினாங்க. கம்பெனிக்குள்ளயே எதிர்ப்பு பயங்கரம், ஜனங்க பாத்தா ஓட்டையாயிடும்னு பயப்படுவாங்க, யாரும் வாங்க மாட்டாங்கன்னு சண்டை, இவர வேலைய விட்டே தூக்கணும்னு சொன்னவங்களும் இருந்தாங்க. அடுத்து நடந்தது ஊருக்கே தெரியும், இன்னிக்கு மார்ச் 26ஆம் தேதிய ஏர் மேக்ஸ் டேன்னு கொண்டாடறாங்க.

உள்ள இருக்கறது காத்தான்னு கேட்டீங்க. ரொம்ப வருஷம் அது சாதா காத்தே கெடையாது, சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடுங்கற வாயு. அதோட மூலக்கூறு பெருசு, பிளாஸ்டிக் வழியா சுலபமா கசியாது, அதனால அது வசதியா இருந்துச்சு. ஆனா பூமிய சூடாக்கறதுல கார்பன் டை ஆக்சைடவிட பல ஆயிரம் மடங்கு மோசம். விஷயம் வெளிய வந்து நெருக்கடி ஆனப்பறம் நைட்ரஜனுக்கு மாற பல வருஷம் ஆச்சு, 2006லதான் முழுசா முடிச்சாங்க. அதனால இப்ப வாங்கற ஷூவுல இருக்கறது நைட்ரஜன்.

குஷன் விஷயத்துல, ஏர் பைக்கு ஒரு நல்ல குணம் என்னன்னா ஃபோம் மாதிரி மிதிச்சு மிதிச்சு சப்பையாகாது. ஆனா இன்னிக்கு சீரியஸா ஓடறவங்களுக்கு அதவிட லைட்டான, நல்லா எகிறுற ஃபோம் நெறைய வந்துடுச்சு, ஏர் மேக்ஸ் 1 போட்டு மாரத்தான் ஓட யாரும் நெனைக்கறதில்ல, நடக்க, ஊர் சுத்தத்தான் போடறாங்க.

கேள்வி: மைக்கேல் ஜோர்டன் நைக்கிய விட்டுப் போகாம தடுத்ததே இவருதான்னு ஒரு வீடியோவுல பாத்தேன். உண்மையா?

பெரும்பாலும் உண்மை, ஆனா ஒத்த ஆளா தடுத்தாருன்னு சொன்னா அதிகம். 1987ல பாஸ்கெட்பால் ஸ்டார் ஜோர்டன் பேர்ல வந்த மொத ரெண்டு ஷூவுலயும் முக்கியமா வேல பாத்த பீட்டர் மூரும், மார்க்கெட்டிங்ல பெரிய தலையா இருந்த ராப் ஸ்ட்ராசரும் நைக்கிய விட்டு வெளிய போயிட்டாங்க, ஜோர்டனயும் கூட்டிட்டுப் போகப் பாத்தாங்க. ஜோர்டனுக்கும் ரெண்டாவது ஷூ மேல பெருசா திருப்தி இல்ல. அந்த நேரத்துல மூணாவது ஷூ ஹாட்ஃபீல்டு கைக்கு வருது, டைமும் ரொம்பக் கம்மி.

அவரு செஞ்ச மொத வேல, நேரா ஜோர்டன்கிட்ட போய் உனக்கு என்ன வேணும்னு கேட்டதுதான். இன்னிக்கு இது சாதாரணமாத் தெரியும், அன்னிக்கு ஒரு வெளையாட்டுக்காரன ஒக்கார வெச்சு இந்த அளவுக்குக் கேட்டு ஷூ செய்யறது புதுசு. ஜோர்டன் சொன்னது தெளிவா இருந்துச்சு: கணுக்கால ரொம்ப மூடக் கூடாது, அதுக்காக ரொம்பத் தாழ்வாவும் வேணாம், போட்ட மொத நாளே பழகின ஷூ மாதிரி மெத்துன்னு இருக்கணும். ஜோர்டனுக்கு நல்ல இத்தாலியன் லெதர் ஷூ மேல ஆசைன்னும் இவரு கவனிச்சு வெச்சுக்கிட்டாரு. அதனால கணுக்கால பாதி மட்டும் மூடற மிட் கட், மிருதுவான சுருக்கம் விழுந்த லெதர், முனையிலயும் குதிகால்லயும் யானைத் தோல் மாதிரி கோடு கோடா ஒரு பிரிண்ட், பின்னாடி ஏர் ஜன்னல், நாக்குல பறக்கற ஜோர்டனோட உருவம். நைக்கியோட லோகோவான அந்தப் பெரிய டிக் ரெண்டாவது ஷூவுலயே பக்கவாட்டுல இல்ல, இதுலயும் வைக்கல.

ஷூவக் காட்டற மீட்டிங்குக்கு ஜோர்டனோட அப்பா அம்மா, பில் நைட் எல்லாரும் வந்து ஒக்காந்திருக்காங்க, ஜோர்டன மட்டும் காணோம். நாலு மணி நேரம் லேட்டா வர்றாரு, அதுவரைக்கும் மூர், ஸ்ட்ராசரோட கோல்ஃப் ஆடிட்டு இருந்திருக்காரு, வரும்போதே மூடு சரியில்ல. ஹாட்ஃபீல்டு படபடன்னு விக்கப் பாக்காம, நீங்க அன்னிக்கு எங்கிட்ட என்னென்ன சொன்னீங்கன்னு ஞாபகப்படுத்தி, அப்பறம் துணிய எடுத்து ஷூவக் காட்டினாரு. கையில வாங்கிப் பாத்ததும் மொகம் மாறிடுச்சாம். கூடவே அப்பா ஜேம்ஸ் ஜோர்டனும் நைக்கியிலயே இருன்னு சொன்னதா சொல்வாங்க, அதுக்கும் பங்கு உண்டு. அடுத்து 1988 பிப்ரவரியில சிகாகோவுல நடந்த, எகிறி பந்த வளையத்துக்குள்ள திணிக்கற டங்க் போட்டியில ஃப்ரீ த்ரோ கோட்டுலேருந்து எகிறி ஜோர்டன் பறந்த அந்த ஃபோட்டோ, கால்ல இருக்கறது இந்த ஜோர்டன் 3தான்.

எனக்கு இந்தக் கதையில புடிச்சதே அந்த ஞாபகப்படுத்தற எடம்தான். தன் ஸ்டைல அவன் மேல ஏத்தாம, அவன் சொன்னதையே ஷூவா ஆக்கி அவன்கிட்டயே காட்டியிருக்காரு. பவர்மன் இவரு காலுக்கு செஞ்சதும் கிட்டத்தட்ட அதே வேலதான்.

கேள்வி: ஜோர்டன் 1, ஏர் ஃபோர்ஸ் 1 எல்லாம் இவரோட டிசைன்தானே?

இல்ல. ஜோர்டன் 1 பீட்டர் மூர், 1985. ஏர் ஃபோர்ஸ் 1 ப்ரூஸ் கில்கோர், 1982. ஹாட்ஃபீல்டு 3லேருந்து 15 வரைக்கும் தொடர்ச்சியா, அப்பறம் 20, 23ன்னு சிலது. நைக்கியோட டிக் மார்க் 1971ல கேரலின் டேவிட்சன்னு ஒரு காலேஜ் மாணவி 35 டாலருக்குப் போட்டுக் குடுத்தது, அதையும் இவரு தலையில கட்டறாங்க, தயவு செஞ்சு அப்படிப் பரப்பாதீங்க.

கேள்வி: தானே லேஸ் கட்டிக்கற ஷூன்னு ஒன்னு வந்துச்சே, அது என்ன ஆச்சு?

1989ல வந்த பேக் டு தி ஃபியூச்சர் ரெண்டாவது பாகத்துக்காக அவரு யோசிச்சது அது. படத்துல 2015ஆம் வருஷத்துக்குப் போன ஹீரோ கால விட்டதும் ஷூ தானா இறுக்கிக்கும். படத்துல அது வெறும் செட்டப்புதான், மெஷின் ஒன்னும் கெடையாது. ஆனா இவரு அத மறக்கல. 2011ல அதே தோற்றத்துல 1,500 ஜோடி செஞ்சு ஏலம் விட்டு, பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்காக அந்தப் பட ஹீரோ மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நடத்தற அறக்கட்டளைக்குப் பணம் குடுத்தாங்க, அதுலயும் லேஸ் தானா கட்டாது. டிஃபனி பியர்ஸ்னு ஒரு இன்ஜினியரோட சேந்து வருஷக்கணக்கா மோட்டாரச் சின்னதாக்கி சின்னதாக்கி, 2016லதான் நெஜமாவே இறுக்கற ஹைப்பர்அடாப்ட் கடைக்கு வந்துச்சு, வெல 720 டாலர். அடுத்து ஃபோன் ஆப்போட வேற மாடலும் வந்துச்சு, இப்ப அந்த ஆப்பையே நைக்கி நிறுத்திடுச்சு, வாங்கினவங்களுக்குக் கடுப்புதான்.

என் அபிப்ராயத்துல இந்த விஷயத்துல அதிகம் ஒதவினது அவரோட தம்பி டோபி ஹாட்ஃபீல்டு. அவரும் நைக்கி டிசைனர்தான். செரிப்ரல் பால்சி இருக்கற ஒரு பையன், எனக்குத் தனியா லேஸ் கட்ட வரல, காலேஜ் போனாலும் அப்பா அம்மாதான் கட்டணுமான்னு கம்பெனிக்கு லெட்டர் எழுதினான். அதுலேருந்து வந்த ஃப்ளைஈஸ் 2015ல கடைக்கு வந்துச்சு, ஒரு ஜிப்ப சுத்தி இழுத்தா ஷூ தெறக்கும் மூடும், பேட்டரி சார்ஜர் ஒன்னும் வேணாம்.

கேள்வி: பல வருஷம் முன்னாடி வாங்கின ஜோர்டன் 3ய போடாம டப்பாவுலயே பத்திரமா வெச்சிருந்தேன். இப்ப எடுத்தா அடி காஞ்ச மண்ணு மாதிரி உதிருது. டூப்ளிகேட்டா சார்?

ஒரிஜினலாவே இருக்கலாம், ஒரிஜினலுக்கும் இதே கதிதான். அந்த மிட்சோல் பாலியூரித்தேன். காத்துல இருக்கற ஈரம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போய் அந்தப் பிளாஸ்டிக்கோட சங்கிலிய அறுக்கும், பத்துப் பதினஞ்சு வருஷத்துல கை வெச்சாலே பொடியாகும். போடாம வெச்சா பத்திரம்னு நெனைக்கறோம், ஆனா அப்பப்ப போட்டு நடந்த ஷூ பெரும்பாலும் அதிக நாள் தாங்குது. மேல லெதர் நல்லா இருந்தா, வேற சோல் மாத்தித் தர்ற ஆளுங்க இருக்காங்க. அந்தப் பழைய சோலோட மட்டும் ஓடவோ குதிக்கவோ போயிடாதீங்க, பாதி வழியில கழண்டு கணுக்கால் போயிடும்.

கேள்வி: ஒரு ஷூவுக்காக ராத்திரி முழுக்க க்யூவுல நிக்கறாங்க, பத்து மடங்கு வெலைக்கு மறுபடி விக்கறாங்க. இந்தப் பைத்தியத்துக்கு இவரும் ஒரு காரணம்தானே?

ஒரு பங்கு இருக்கு, மறைக்க முடியாது. வருஷா வருஷம் ஒரு கதையோட புது ஜோர்டன். 5ல ரெண்டாம் உலகப்போர் ஃபைட்டர் விமானத்தோட சுறாப் பல்லு, 6ல போர்ஷ கார், 13ல கருஞ்சிறுத்தை. 11ல பளபள பேட்டன்ட் லெதர், ஜோர்டன் ரிட்டயர் ஆயிட்டாரு இனிமே எதுக்குன்னு கம்பெனியில கேட்டப்பவும் விடாம வரைஞ்சது அது. கதை இருந்தா ஜனங்க பொருளோட ஒட்டிக்குவாங்க, ஒட்டிக்கிட்டா வெல ஏறும். 1990லயே ஷூவுக்காக பசங்க கொல்லப்படறத ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் கவர் ஸ்டோரியா போட்டுச்சு, அதப் படிச்சா இன்னிக்கும் மனசு ஆறாது. ஆனா வேணும்னே கம்மியா விட்டு ஆசையக் கெளப்பறது, ரீசேல் மார்க்கெட்டு, இதெல்லாம் விக்கறவங்க முடிவு, பென்சில் புடிச்சவரோடது கெடையாது.

இன்னொன்னும் சொல்லணும். 90கள்ல ஆசியாவுல இருந்த நைக்கி சப்ளையர் ஃபேக்டரிகள்ல சம்பளம், வேல நேரம், சின்னப் பசங்க வேலைன்னு பெரிய போராட்டம் நடந்துச்சு, 1998ல பில் நைட்டே மேடை ஏறி ஷூ ஃபேக்டரியில 18 வயசுக்குக் கீழ சேக்க மாட்டோம்னு சொல்ல வேண்டியதாச்சு. டிசைனர் பேரு நமக்குத் தெரியுது, அந்த செவப்புப் பட்டைய ஒட்டித் தைச்சவங்க பேரு ஒன்னு கூட தெரியாது. ஹாட்ஃபீல்ட எவ்ளோ புடிச்சாலும் இது எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருக்கு.

கேள்வி: என் பொண்ணுக்கு ஷூ டிசைனர் ஆகணும்னு ஆசை. எதப் படிக்க வைக்கறது?

இண்டஸ்ட்ரியல் டிசைன் நேர் வழி, ஃபுட்வேர் டிசைன்னு தனிப் படிப்பும் இருக்கு. அதவிட முக்கியம், பழைய ஷூ ரெண்ட வாங்கி பிளேடால நடுவுல அறுத்து உள்ள என்னென்ன லேயர் இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க, பக்கவாட்டுத் தோற்றத்த தெனம் கையால வரையச் சொல்லுங்க. டிகிரி இல்லாமலும் வந்தவங்க இருக்காங்க: ஜோர்டன் 21, 22 டிசைன் பண்ண டிவெய்ன் எட்வர்ட்ஸ் ஸ்கூல் முடிச்சதும் நேரா வேலைக்கு வந்தவரு, பின்னாடி பென்சோல்னு ஷூ டிசைனுக்கே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு.

கேள்வி: அவரு செஞ்சதுல உங்களுக்கு ரொம்பப் புடிச்சது எது சார்?

பல பேரு 3, 11ன்னு சொல்லுவாங்க, என் ஓட்டு 1991 ஏர் ஹுராச்சிக்கு. வாட்டர் ஸ்கீயிங் போனப்ப கால்ல மாட்டற நியோப்ரீன்ங்கற ரப்பர் துணி பூட்டு எப்படி கால் வடிவத்துக்கே ஒட்டிக்குதுன்னு பாத்துட்டு, அதே துணியில ஒரு சாக்ஸ் செஞ்சு, அதச் சுத்தி எங்கெங்க புடிப்பு வேணுமோ அங்க மட்டும் பட்டை வெச்சாரு, குதிகாலச் சுத்தி ஒரு ரப்பர் வார். மிச்சத்த எல்லாம் எடுத்துட்டாரு, டிக் மார்க்கயும்தான். கடைக்காரங்க பாத்துட்டு ஆர்டரே போடல, ப்ராஜெக்ட்ட மூடியாச்சு. அப்பறம் ஒரு மேனேஜர் ஆர்டர் இல்லாமலே ரிஸ்க் எடுத்து 5,000 ஜோடி செய்ய வெச்சு நியூயார்க் மாரத்தான் எக்ஸ்போவுக்கு எடுத்துட்டுப் போனாரு, அங்க வந்த ஓட்டக்காரங்க சில நாள்லயே மொத்தத்தயும் அள்ளிட்டாங்க. இன்னிக்கு எந்தக் கம்பெனி ரன்னிங் ஷூவ எடுத்தாலும் நாக்குன்னு தனியா இல்லாம சாக்ஸ் மாதிரி கால உள்ள விடறோமே, அந்த ஐடியாவ பெரிய அளவுல மொதல்ல விக்க வெச்சதுல ஹுராச்சிக்கு முக்கிய எடம் உண்டு.